நான்கே நாளில் லண்டன்: வாசகர் கேள்வி – பதில்

லண்டன் பயணம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் அளித்திருக்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஐந்து நாள் வரையே அவகாசம் இருப்பதால், பதில்களும் அந்த அளவை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன.

கேள்வி: நானும் என் கணவரும் ஒரு வியாழக்கிழமை காலை லண்டன் போய்ச் சேர்ந்து, திங்கட்கிழமை இரவு விமானம் ஏறுகிறோம். பார்க்க வேண்டியவை என்று எழுதிவைத்த பட்டியல் இருபத்தைந்து இடங்களைத் தாண்டிவிட்டது. எந்த வரிசையில் சென்றால் எல்லாவற்றையும் முடிக்கலாம்?

பதில்: எந்த வரிசையில் சென்றாலும் முடியாது, முடிக்க முயல்வதுதான் இத்தகைய பயணங்களைக் கெடுக்கிறது. பட்டியலில் உள்ள இடங்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். அவை நகரமெங்கும் சிதறிக் கிடக்கவில்லை, ஐந்தாறு கொத்துகளாகத் திரண்டிருக்கின்றன என்பது உடனே விளங்கும். நாடாளுமன்றம், வெஸ்ட்மின்ஸ்டர் அபே, பக்கிங்காம் அரண்மனை, டிரஃபால்கர் சதுக்கம் ஆகியவை ஒரு கொத்து. டவர் ஆஃப் லண்டன், டவர் பாலம், செயின்ட் பால்ஸ் தேவாலயம், எதிர்க்கரையில் உள்ள டேட் மாடர்ன் கலைக்கூடம் ஆகியவை இன்னொன்று. தெற்குக் கென்சிங்டனில் மூன்று பெரிய அருங்காட்சியகங்கள் ஒரே தெருவை ஒட்டி நிற்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அதைச் சுற்றிய புளூம்ஸ்பரியும் தனி. கிழக்கே ஆற்றோரமாகக் கிரீனிச். ஒரு நாளுக்கு ஒரு கொத்து என்று வகுத்துக்கொள்ளுங்கள். காலையில் டவர், மதியம் கென்சிங்டன், மாலையில் மீண்டும் டவர் பாலத்து விளக்கொளி என்று அலைபவர்கள் நாளில் பெரும்பகுதியைச் சுரங்க ரயிலுக்குள்ளேயே செலவழித்துவிடுகிறார்கள்.

கொத்துகளைப் பிரித்த பிறகு, எந்தக் கொத்து எந்தக் கிழமைக்கு என்று முடிவு செய்யுங்கள். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் செயின்ட் பால்ஸும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அன்று அனுமதி இல்லை. பக்கிங்காம் அரண்மனையின் காவலர் மாற்றம் எல்லா நாளும் நடப்பதன்று. பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களில், அதுவும் கனத்த மழை இல்லாதிருந்தால் நடைபெறும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரவு 8.30 வரை திறந்திருக்கும். பரோ மார்க்கெட் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும்.

இவற்றைக் கணக்கில் கொண்டால் தங்களுடைய பயணம் ஏறக்குறையத் தானாகவே அமைந்துவிடுகிறது. வியாழக்கிழமைக்கு எந்த நுழைவுச் சீட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். விமானம் தாமதமாகலாம், விடுதி அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாக டிரஃபால்கர் சதுக்கம் வரை நடந்து செல்வது முதல் நாளுக்குப் போதும். வெள்ளிக்கிழமை காலை டவர் ஆஃப் லண்டன் திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். நண்பகலுக்குப் பின் டவர் பாலத்தைக் கடந்து, தென்கரையோரமாக மேற்கு நோக்கி நடந்து, பரோ மார்க்கெட், குளோப் நாடக அரங்கு, டேட் மாடர்ன் ஆகியவற்றைத் தாண்டி, மில்லேனியம் நடைபாலத்தின் வழியே செயின்ட் பால்ஸின் முன் வந்து சேருங்கள். மொத்தம் சுமார் மூன்று கிலோமீட்டர் தூரந்தான். லண்டனில் ஒரே ஒரு நடைக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதைத்தான் பரிந்துரைப்போம். அன்று மாலை கால்களில் தெம்பு மிச்சமிருந்தால் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். சனிக்கிழமை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் தேசியக் கலைக்கூடமும். ஞாயிற்றுக்கிழமை படகில் கிரீனிச். திங்கட்கிழமை தெற்குக் கென்சிங்டன். அங்கிருந்து ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பிக்காடிலி லைனில் நேரடி ரயில் உண்டு என்பது கூடுதல் வசதி.

பட்டியலில் மிஞ்சியவற்றை அடித்துவிடுங்கள். மேடம் டுசாட்ஸ் மெழுகுச் சிலைக் கூடமும் ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடைகளும் நாங்கள் முதலில் அடித்துவிடுபவை.

கேள்வி: டவர் ஆஃப் லண்டனுக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கும் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 30 பவுண்டு அளவில் இருக்கிறது. இரண்டையும் பார்ப்பது அவசியமா? எல்லா இடங்களுக்கும் சேர்த்து விற்கப்படும் பயணச் சலுகைச் சீட்டு இலாபமா?

பதில்: சலுகைச் சீட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். நாள் ஒன்றுக்குக் கட்டணம் வாங்கும் மூன்று இடங்களையாவது பார்த்தால்தான் அந்தச் சீட்டில் பொதுவாக இலாபம் காண முடியும். லண்டனின் மிகச் சிறந்த அருங்காட்சியகங்கள் பலவற்றில் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே கிடையாது. சீட்டு வாங்கியவர்கள் அதன் விலையை எடுத்துவிட வேண்டும் என்று கட்டண இடங்களாகப் பார்த்து ஓடி, இலவசமாகக் கிடைக்கும் நல்லவற்றைத் தவறவிடுகிறார்கள். நான்கு நாளில் இரண்டு மூன்று கட்டண இடங்கள் போதும் என்பவர்களுக்கு அது தேவையில்லை.

டவரை விட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 1070களில் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கிய வெள்ளைக் கோபுரத்தைச் சுற்றி, கோட்டையாகவும் அரண்மனையாகவும் சிறையாகவும் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் இயங்கிய வளாகம் அது. திறந்தவுடன் நேராக அரச ஆபரணங்கள் இருக்கும் கட்டடத்துக்குச் செல்லுங்கள். பதினொரு மணிக்கு மேல் அங்கே வரிசை நீண்டுவிடும். மகுடங்கள் வைக்கப்பட்டுள்ள கண்ணாடிப் பேழைகளின் ஓரமாக ஒரு நகரும் நடைமேடை நம்மைச் சுமந்து செல்கிறது, நிற்க விடாது. கோஹினூர் வைரம் பதித்த மகுடமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. அதன் எடை சுமார் 105 காரட். பார்வைக்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகத் தோன்றும். கூட்டம் குறைவாக உள்ள காலை வேளையில் திரும்பி வந்து இன்னொரு முறை நடைமேடையில் ஏறிக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. அதன் பிறகு, சிவப்புக் கரையிட்ட கருநீலச் சீருடை அணிந்த காவலர்கள் நடத்தும் விளக்கச் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். நுழைவுச் சீட்டிலேயே அது அடங்கும். தலை வெட்டப்பட்ட அரசிகளின் கதையை அவர்கள் சொல்லும் அங்கதம் அலாதியானது.

அபேயைப் பொறுத்தவரை தங்கள் ஆர்வமே முடிவு செய்ய வேண்டும். 1066 முதல் ஆங்கிலேய முடிசூட்டு விழாக்கள் நடந்துவரும் இடம், நியூட்டனும் டார்வினும் அடக்கமான இடம் என்பவை தங்களை ஈர்த்தால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டடத்தின் உட்புறத்தையும் பாடகர் குழுவின் இசையையும் மட்டும் அனுபவித்தால் போதும் என்பவர்கள், மாலை வழிபாட்டுக்குச் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எந்தச் சமயத்தினரும் அமரலாம். ஆனால் அது வழிபாடு என்பதால் படம் எடுக்கவோ எழுந்து சுற்றவோ கூடாது.

கேள்வி: போக்குவரத்துக்கு ஆய்ஸ்டர் என்ற முன்பணப் பயண அட்டை வாங்க வேண்டுமா, வங்கி அட்டையே போதுமா? ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: தொடாமலே பணம் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அல்லது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டை இருந்தால் அதுவே போதும். பெரியவர்களுக்கான கட்டணத்தில் ஆய்ஸ்டருக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கப்படாது என்ற உச்சவரம்பு உண்டு. அதை எட்டிய பிறகு அன்றைய மிச்சப் பயணங்களுக்குக் கட்டணம் ஏறாது. தாங்கள் பார்க்கப்போகும் இடங்கள் அனைத்தும் நகர மையத்தை ஒட்டிய ஒன்று, இரண்டாம் கட்டண மண்டலங்களுக்குள் அடங்கிவிடுவதால் வரம்பும் குறைவாகவே இருக்கும்.

சில எச்சரிக்கைகள் மட்டும் தேவை. ஒருவருக்கு ஓர் அட்டை. கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தட்டிச் சுரங்க ரயிலில் செல்ல முடியாது. ஒரே வங்கி அட்டையைக் கைப்பேசியிலும் சேர்த்து வைத்திருப்பவர்கள், நுழையும்போது கைப்பேசியையும் வெளியேறும்போது அட்டையையும் காட்டினால், கணினி அவற்றை இரு வேறு பயணிகளாகக் கருதி இரண்டிலும் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும். எதைக் காட்டி உள்ளே போனீர்களோ அதையே காட்டி வெளியே வாருங்கள். பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. முதல் பேருந்தில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் ஏறினால் கூடுதல் கட்டணம் இல்லை.

இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தொடாமல் செலுத்தும் வசதியையும் தனித்தனியாக இயக்கி வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி கூடுதலாகப் பிடிக்கும் தொகை எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது அதிகமாக இருந்தால் ஆய்ஸ்டர் அட்டை ஒன்றை வாங்கி ஒரே தவணையில் பணம் ஏற்றிக்கொள்வது சிக்கனம்.

இன்னொன்று. சுரங்க ரயில் வரைபடம் தடங்களைத் தெளிவாகக் காட்டுவதற்காக வரையப்பட்டது, தூரத்தைக் காட்டுவதற்காக அன்று. லெஸ்டர் சதுக்கத்துக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே முந்நூறு மீட்டர்கூட இல்லை. தரைக்கு அடியில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மேலே ஏறி வருவதற்குள் நடந்து சென்றவர் அங்கே காபியை ஆர்டர் செய்திருப்பார்.

கேள்வி: எழுபது வயதான என் தாயாரை அழைத்துச் செல்கிறோம். நடப்பார், படிகள்தான் சிரமம். சுரங்க ரயிலை நம்பலாமா?

பதில்: முழுவதுமாக நம்ப வேண்டாம். 1863இல் தொடங்கிய அமைப்பு அது. மையப் பகுதியின் பழைய நிலையங்கள் பலவற்றில் தெருவிலிருந்து ரயில்மேடை வரை மின்தூக்கி கிடையாது. மின்படிக்கட்டு இருந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து படிகள் எதிர்ப்படும். கோவென்ட் கார்டன் நிலையத்தில் மின்தூக்கி உண்டு. அங்குள்ள கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் படிகளே மேல் என்று யாரும் திரும்பிவிடக் கூடாது, அவை 193.

ஆனால் புதியவை நன்றாக இருக்கின்றன. 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் லைனின் நிலையங்களிலும், ஜூபிலி லைனில் வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு வரை உள்ள நிலையங்களிலும், கிரீனிச்சுக்குச் செல்லும் டாக்லண்ட்ஸ் இலகு ரயிலிலும் படி ஏறாமலே போய்வரலாம். படியற்ற நிலையங்களை மட்டும் குறித்துக் காட்டும் தனி வரைபடத்தை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் தாயாருக்குப் பேருந்தே சிறந்த வாகனம். எல்லாப் பேருந்துகளும் தாழ்தளம் கொண்டவை. முதியவர்களுக்கு முன்புறம் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கும். 15ஆம் எண் பேருந்து டவரிலிருந்து செயின்ட் பால்ஸ், ஃப்ளீட் தெரு, ஸ்ட்ராண்ட் வழியாக டிரஃபால்கர் சதுக்கத்தை நோக்கிச் செல்கிறது. சுற்றுலாப் பேருந்துக்குப் பல மடங்கு கொடுத்துப் பார்க்கும் காட்சியில் பெரும்பகுதி இந்தச் சாதாரணப் பேருந்தின் சன்னலிலேயே கிடைத்துவிடும். பெரிய அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். நன்றாக நடப்பவர்களுக்கும் மூன்று மணி நேர அருங்காட்சியகம் ஒரு சோதனைதான் என்பதால் கேட்டு வாங்கிக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். டவர் வளாகத்தில் தரை கரடுமுரடான கற்களால் ஆனது, வெள்ளைக் கோபுரத்துக்குள் சுழற்படிகள் உண்டு. ஆபரணங்கள் உள்ள கட்டடத்துக்கு மட்டும் சென்று, மற்ற நேரத்தில் முற்றத்து இருக்கையில் அமர்ந்து அண்டங்காக்கைகளை வேடிக்கை பார்க்கலாம். செயின்ட் பால்ஸின் குவிமாட உச்சிக்கு 528 படிகள் என்பதால் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எங்களால் இரண்டு மணி நேரமே ஒதுக்க முடியும். எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் இலவச நேரச் சீட்டை இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள், நுழைவாயிலில் பாதுகாப்புச் சோதனைக்கான காத்திருப்பு குறையும். பெரிய பெட்டிகளை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள்.

எல்லாரும் முதலில் மொய்ப்பது நான்காம் எண் கூடத்தில் உள்ள ரோசெட்டா கல்லை. கி.மு. 196ஆம் ஆண்டின் ஆணை ஒன்று மூன்று எழுத்து வகைகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லே எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிப்பதற்கு வழி திறந்தது என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் சுற்றி ஐந்தாறு வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஐந்து நிமிடத்தில் அங்கிருந்து நகர்ந்து, பத்தாம் எண் கூடத்தில் அசீரிய மன்னன் அசூர்பானிபாலின் சிங்க வேட்டைப் புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள். அம்பு தைத்து, பின்னங்கால்கள் செயலற்றுப்போய், முன்னங்கால்களால் உடலை இழுத்துச் செல்லும் பெண்சிங்கத்தை அந்தச் சிற்பி எப்படிக் கவனித்திருக்க வேண்டும் என்று எண்ணாமல் அங்கிருந்து நகர முடியாது.

மிஞ்சிய நேரத்தை 33, 33ஏ ஆகிய கூடங்களுக்குக் கொடுங்கள். 33இல், தமிழகத்தில் ஏறக்குறைய 1100ஆம் ஆண்டில் வார்க்கப்பட்ட சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. அதை ஒட்டிய 33ஏ கூடத்தில், கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால், அமராவதி மகா தூபத்தின் (பௌத்த ஸ்தூபியின்) சிற்பங்கள் வைக்கப்பட்டுள்ளன. கிருஷ்ணை ஆற்றங்கரையில் 1845இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தவற்றில் ஒரு பகுதி 1859இல் லண்டன் சென்றது. அமராவதியின் சிற்பங்களில் இன்னொரு பெரும்பகுதியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். லண்டனின் 33ஏ கூடத்தில் ஒரு பலகைக் கல்லைத் தேடிப் பிடித்து இருபுறமும் பாருங்கள். ஒரு புறத்தில் தூபத்தின் முழுத் தோற்றமும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மறுபுறத்தில் அதைவிட இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பழமையான வேறொரு காட்சி: போதி மரத்தின் கீழ் ஆளில்லாத ஆசனத்தைச் சுற்றி அடியவர்கள் வணங்கி நிற்கிறார்கள். புத்தரை மனித உருவில் காட்டாத காலத்துக் கல்லைத் திருப்பிப் பிற்காலச் சிற்பி மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் கூடத்தில் கூட்டமே இருப்பதில்லை. சில கூடங்களைக் குறிப்பிட்ட நாட்களில் மூடிவைப்பது உண்டு என்பதால், அன்று காலை அருங்காட்சியகத்தின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: எட்டு வயதும் பதினொரு வயதும் ஆன இரண்டு குழந்தைகள். அவர்களுக்கான இடங்கள் எவை? பயணக் கட்டணம் எப்படி?

பதில்: கட்டணத்தில் இருவருக்கும் விதி வேறு. பதினொரு வயது நிரம்பாத குழந்தை, கட்டணம் செலுத்தும் பெரியவருடன் சேர்ந்து சுரங்க ரயிலில் இலவசமாகச் செல்லலாம். பதினொன்று முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு ஆய்ஸ்டர் அட்டை வாங்கி, நிலைய ஊழியரிடம் காட்டி, இளம் பயணி சலுகையை அதில் பதியச் சொன்னால் பதினான்கு நாள் வரை பாதிக் கட்டணம். வங்கி அட்டையைத் தட்டினால் குழந்தைக்கும் பெரியவர் கட்டணமே பிடிக்கப்படும்.

இடங்களில், தெற்குக் கென்சிங்டனே அவர்களுக்கு உரியது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் 2017 முதல் ஒரு நீலத் திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு, வாய் பிளந்து பாயும் நிலையில் தலைக்கு மேலே தொங்குகிறது. பின்னாலேயே அறிவியல் அருங்காட்சியகம். எதிர்ப்புறம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது. ஓர் ஐரோப்பியனின் மேல் ஏறிக் கழுத்தைக் கவ்வும் அந்தப் புலியின் வயிற்றுக்குள் இசைக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது; 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றி எடுத்துச் செல்லப்பட்டது. குழந்தைகள் இதை மறக்க மாட்டார்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கவைத்துவிடாதீர்கள். இரண்டுக்கு நடுவே ஹைட் பூங்காவில் ஓடவிடுங்கள்.

கேள்வி: லண்டன் ஐ ராட்டினத்தில் ஏறியே ஆக வேண்டுமா?

பதில்: 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு முப்பது நிமிடம், ஆற்றின் நேர் எதிரே நாடாளுமன்றம். காட்சி அழகுதான், கட்டணமும் காத்திருப்பும் மிகுதி. ஃபென்சர்ச் தெருவில் உள்ள ஸ்கை கார்டனின் உச்சித் தளத்திலிருந்து நகரத்தை இலவசமாகப் பார்க்கலாம். சில வாரங்களுக்கு முன்பே இணையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும். அதுவும் கிடைக்காதவர்கள் ரீஜன்ட்ஸ் பூங்காவை ஒட்டிய பிரிம்ரோஸ் குன்றின் மேல் ஏறி அமரலாம். அங்கே சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

கேள்வி: என் மைத்துனர், கிரீனிச் ஒதுக்குப்புறமாக இருப்பதால் அதை விட்டுவிட்டு, அந்த ஒரு நாளில் ரயிலில் பாரிஸ் போய்வரலாம் என்கிறார். சரியான யோசனையா?

பதில்: தங்கள் மைத்துனர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்பி எழுதுகிறோம்: வேண்டாம். பிரிட்டன் விசாவைக் கொண்டு பிரான்ஸுக்குள் நுழைய முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியே வேண்டும். செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து ரயில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் குடிநுழைவுச் சோதனைகள் உண்டு. போய்வர எட்டு மணி நேரம் போனால், பாரிஸில் ஈபிள் கோபுரத்தின் முன் ஒரு படம் எடுக்கத்தான் நேரம் மிஞ்சும்.

கிரீனிச்சை விடக் கூடாது. வெஸ்ட்மின்ஸ்டர் அல்லது டவர் படகுத்துறையில் ஏறினால், பாலங்களுக்கு அடியிலும், பழைய கப்பல் கிடங்குகளையும் கேனரி வார்ஃபின் கண்ணாடிக் கோபுரங்களையும் தாண்டியும் படகு செல்லும். லண்டன் ஏன் இந்த ஆற்றங்கரையில் வளர்ந்தது என்பது எந்த வழிகாட்டியும் சொல்லாமல் அந்தப் பயணத்திலேயே புரிந்துவிடும். இறங்கியவுடன் எதிரே 1869இல் கட்டப்பட்ட கட்டி சார்க் கப்பல், சீனத்துத் தேயிலை ஏற்றி வந்தது. பக்கத்தில் பழைய கடற்படைக் கல்லூரி வளாகம். அதன் ஓவியக் கூடத்தின் சுவரையும் கூரையையும் தீட்டி முடிக்க ஜேம்ஸ் தார்ன்ஹில்லுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் இலவசம்.

குன்றின் மேல் 1675இல் நிறுவப்பட்ட அரச வானாய்வகம் இருக்கிறது. 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு உலகின் சுழியத் தீர்க்கரேகையாக (கிழக்கு, மேற்கைக் கணக்கிடத் தொடங்கும் 0 பாகைக் கோடாக) ஏற்றுக்கொண்ட கோடு அதன் முற்றத்தின் குறுக்கே ஓடுகிறது. இரு புறமும் கால் வைத்துப் படம் எடுப்பதற்கு எப்போதும் வரிசை நிற்கும். அங்கே நின்று கைப்பேசியில் தீர்க்கரேகையைப் பாருங்கள், சுழியம் வராது. செயற்கைக்கோள்கள் பின்பற்றும் இன்றைய கோடு அங்கிருந்து கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளி, எந்த அடையாளமும் இன்றிப் பூங்காவின் புல்வெளி வழியாகச் செல்கிறது. உள்ளே, கடலில் தீர்க்கரேகையைக் கணிப்பதற்காக ஜான் ஹாரிசன் செய்த கடிகாரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பந்து இருக்கும். ஆற்றில் நின்ற கப்பல்கள் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்காக 1833இல் அமைக்கப்பட்டது. நாள்தோறும் 12.55க்குப் பாதி உயரமும் 12.58க்கு முழு உயரமும் ஏறி, சரியாக ஒரு மணிக்குக் கீழே இறங்கும். காண விரும்பினால் 12.50க்கு முற்றத்தில் இருங்கள்.

கேள்வி: எந்த மாதம் செல்வது நல்லது? விசாவுக்கு எவ்வளவு காலம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: குறுகிய பயணத்தில் குளிரைவிட வெளிச்சமே முக்கியம். ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். நான்கு நாள் பயணம் டிசம்பரில் இரண்டரை நாளாகச் சுருங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ் நாளன்று சுரங்க ரயிலும் பேருந்தும் அறவே ஓடா. கூட்டமும் விடுதிக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே மாதத்தையோ செப்டம்பரின் முதல் பாதியையோ தேர்ந்தெடுங்கள். மெல்லிய மழைச் சட்டை எல்லா மாதத்துக்கும் தேவை.

சுற்றுலா விசாவுக்குப் பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும், ஆனால் கோடைக்கு முன் கைரேகை கொடுப்பதற்கான நேரம் கிடைப்பதே தாமதமாகும். விசா கைக்கு வரும்வரை, இரத்து செய்தால் பணம் திரும்பாத விமானச் சீட்டையும் விடுதியையும் பதிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. லண்டனில் உணவகங்களின் பட்டியலில் சைவ உணவைத் தனிக் குறியிட்டுக் காட்டுவது வழக்கம். யூஸ்டன் நிலையத்தை ஒட்டிய டிரம்மண்ட் தெருவில் இந்தியச் சைவ உணவகங்கள் நீண்ட காலமாக இருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து இருபது நிமிட நடை. தோசைக்காக ஈஸ்ட் ஹாமுக்கோ டூட்டிங்குக்கோ போகலாம், தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதிகள் அவை. ஆனால் அதற்கு அரை நாள் செலவாகும். குழாய் நீரைத் துணிந்து குடிக்கலாம். உணவகப் பில்லில் 12.5 சதவீதச் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதற்கு மேல் அன்பளிப்பு வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஹீத்ரோவிலிருந்து நகரத்துக்குள் செல்ல எது சிறந்த வழி?

பதில்: எலிசபெத் லைன். டாட்டன்ஹாம் கோர்ட் சாலை வரை சுமார் முப்பத்தைந்து நிமிடத்தில் சென்றுவிடும், பெட்டி வைக்கவும் இடம் இருக்கும். பிக்காடிலி லைன் விலை குறைவு, ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். சிறிய பெட்டியுடன் செல்பவர்களுக்கு அதுவே போதும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பதினைந்து நிமிடத்தில் பாடிங்டன் சேர்க்கும். விடுதி பாடிங்டனிலேயே இருந்தால் ஒழிய அந்தக் கூடுதல் செலவுக்குப் பொருளில்லை. திரும்பும்போது தங்கள் விமானம் எந்த முனையத்திலிருந்து புறப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். நான்காம் முனையத்துக்கும் ஐந்தாம் முனையத்துக்கும் தனித்தனி ரயில்கள். வண்டியின் நெற்றியிலும் நடைமேடைப் பலகையிலும் முனையத்தின் எண் எழுதியிருக்கும்.